சாராயக்கடைக்காரியின் கை

கோரலி ஒரு காரியத்துக்குத் திட்டம் போடும்போது "நிம்மதியா" என்ற சொல்லை எத்தனை தடவை சொல்கிறாளோ, அத்தனைக்கு அத்தனை மற்றவர்கள் உயிர் போகும். நைரிக்கு இது நாற்பது வருட அனுபவம். தம்பி மர்டோவைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் குடும்பத்துக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கிறிஸ்துமஸ் என்றாலும் சரி, இழவு என்றாலும் சரி, எல்லாம் நிம்மதியாகத்தான் நடந்தாக வேண்டும். அதற்காக ஒருவரும் உட்காரக் கூடாது.

இப்போது ரோவன்ஸ் கல்லிக்கு ஒரு நாள் போய்வர வேண்டுமாம். தங்கம் கிடைத்த காலத்தில் ஐயாயிரம் பேர் கூடாரம் அடித்துக் கிடந்த ஊர். இன்றைக்கு ஒரு தெரு, ஒரு மதுக்கடை, ஒரு அருங்காட்சியகம், நினைவுப்பொருள் விற்கும் மூன்று கடை. ஈஸ்டர் சனிக்கிழமை போவதாக முடிவு. டனீடனில் மார்ச் மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோரலி தன் சமையலறை மேசைக்கு எல்லோரையும் வரவழைத்துவிட்டாள். எல்லோரும் என்றால் மர்டோ, நைரி, நைரியின் ஒரே மகள் ஷோனா. மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய சீஸ் ரோல். வெண்ணெய் தடவுவதில் கோரலிக்கு எப்போதும் கை இறுக்கம்.

"காலைல ஆறரைக்கு வண்டி கெளம்பிடணும்," என்று ஆரம்பித்தாள் கோரலி. "அப்பதான் நாள் முழுக்க நிம்மதியா இருக்கும்."

"ஆறரைக்கா? அந்த நேரத்துக்கு ஆடுகூட கண்ணு முழிக்காதே," என்றாள் நைரி.

"வழியில அவசரப்பட வேணாம்னுதான் சொல்றேன். ரேன்ஃபர்லில வண்டிய நிறுத்துவோம். எல்லாரும் பாத்ரூம் போயிடணும்."

"எனக்கு வரலேன்னா?"

"வரும். அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் கெடையாது."

"என் வயித்துக்கும் சேத்து டைம் போட்டு வெச்சிருக்கியா? மர்டோ, உன் பொண்டாட்டி கவர்மென்ட்ல இருந்திருந்தா ரயில் எல்லாம் நேரத்துக்கு ஓடியிருக்கும்டா."

மர்டோ சீஸ் ரோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வாய் நிறைய இருக்கும் வரைக்கும் யார் பக்கமும் பேசத் தேவையில்லை என்பது அவன் இல்லறத்தில் கண்ட ஞானம்.

கோரலி திட்டத்தைத் தொடர்ந்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் டீ, அப்புறம் தெருவைச் சுற்றி நடை, அப்புறம் சாப்பிட கறி அடைத்துச் சுட்ட 'பை', அப்புறம் தங்கம் அரிப்பது. அதைக் கேட்டதும் நைரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த ஓடைல அரிக்கப் போறோம்?"

"ஓடைல இல்ல. இப்ப தொட்டி வெச்சிருக்காங்க. முட்டி வலிக்காம நின்னுக்கிட்டே அரிக்கலாம்."

"தொட்டில தங்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"அவங்களே கொஞ்சம் தூவி வெச்சிருப்பாங்க. எல்லாருக்கும் ஒரு துளியாவது கெடைக்கணும்ல?"

"அவங்களே தூவி வெச்சு, அவங்களே நம்மகிட்ட டிக்கெட்டுக்குக் காசு புடுங்கிக்கிட்டு, நாம அதக் கண்டுபிடிச்சுக் கைதட்டணுமா? ஆங்கஸ் தாத்தாவுக்கு இந்த மாதிரி ஒரு தொட்டி இருந்திருந்தா அந்த ஆளும் பொழச்சிருப்பாரு பாவம்."

ஆங்கஸ் மதீசன்தான் கோரலியின் உண்மையான இலக்கு. நைரிக்கும் மர்டோவுக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. ஸ்காட்லாந்தில் மனைவி மக்களை விட்டுவிட்டுத் தங்கம் தேடிக் கப்பலேறி வந்த மனிதர். அவர் ரோவன்ஸ் கல்லியில் மூன்று குளிர்காலம் தோண்டினார், கிடைத்தது மூட்டுவாதம். பிறகு ஒரு பண்ணையில் ஆடு மேய்த்து, மனைவியை வரவழைத்து, எழுபது வயதில் செத்துப்போனார். இதைத் தவிர அந்த மனிதரைப் பற்றி மதீசன் வீட்டில் பிறந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாரும் தவிக்கவில்லை. வாக்கப்பட்டு வந்தவளுக்குத்தான் அந்தத் தவிப்பு. கோரலியின் அப்பா வீட்டில் எல்லோரும் இன்ஷூரன்ஸ் விற்றவர்கள். அதை வைத்து எந்த அருங்காட்சியகத்திலும் யாரும் பலகை அடிக்க மாட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே பெண்டாட்டியே நெய்யையும் எடுத்துக்கொண்டு, தாத்தாவையும் எடுத்துக்கொண்டாள்.

"சரி, இப்ப எல்லாரும் கண்ண மூடுங்க," என்றாள் கோரலி.

"எதுக்கு?"

"மூடு நைரி, சொன்னா கேளேன்."

நைரி மூடவில்லை. கோரலி ஒரு பெரிய உறையிலிருந்து மெல்லிய தாள் சுற்றிய ஒரு படத்தின் நகலை எடுத்து, தாளை விரித்து, பிறந்த குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் கிடத்தினாள்.

"போன மாசம் அருங்காட்சியகத்தப் பாத்துக்குற எட்கர் காட்டினாரு. யாரோ பழைய சாமான் சேக்குறவர் செத்துப்போனப்ப அவரோட பொருள் எல்லாம் இவங்களுக்கு வந்துச்சாம். 'பெயர் தெரியாத தங்கம் தோண்டி'ன்னு எழுதி மாட்டியிருக்காங்க. எனக்குப் பாத்த மாத்திரத்துல மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இவரு நம்ம ஆங்கஸ்!"

முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டைக்குள் ஒரு மனிதன் நின்றான். மார்பு வரை தாடி, அகலத் தொப்பி, கையில் மண் அரிக்கும் தட்டு. தொப்பிக்கு அடியிலிருந்து இரண்டு காதும் கதவு திறந்த மாதிரி வெளியே நின்றன. படம் முழுக்க பழுப்பு; அங்கங்கே வெள்ளையும் மஞ்சளுமாய்க் கறை. அவன் இடது தோளில் ஒரு பெண்ணின் கை இருந்தது. கை மட்டும். கைக்குரியவள் இருந்த பாதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

நைரி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்த கையை அப்படியே மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அது ஆங்கஸ் அல்ல. அது டெஸ். அவள் புருஷனாக இருந்தவன். பௌலிங் கிளப் காரியதரிசியம்மாவைக் கூட்டிக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்கு ஓடிப்போனவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அங்கேயே செத்தும் போனவன்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஜனவரி. ரோவன்ஸ் கல்லி மதுக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய காலத்து உடுப்பு போட்டுப் படம் பிடித்துத் தருவதாக ஒருவன் கடை போட்டிருந்தான். பெட்டி நிறைய அந்துருண்டை நாறும் துணிகள், ஒட்டிக்கொள்ளும் தாடி. டெஸ் மூன்று தடவை தும்மி மூன்று தடவையும் தாடி விழுந்தது. கடைக்காரனிடம் டெஸ் காலுக்குச் சேரும் பூட்ஸ் இல்லை. அந்தத் தெற்கத்திச் சீமையில் ஜனவரிதான் வெயில் காலமாதலால் இரண்டு பேரும் ரப்பர் செருப்போடு வந்திருந்தார்கள்; செருப்போடே நின்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு டெஸ்தான் அவன் பாட்டி வீட்டுப் பழைய சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, செருப்பு மறைகிற மாதிரி முட்டை வடிவத்தில் அட்டை வெட்டி மாட்டினான். இந்த மாதிரிப் பிரயோசனமில்லாத காரியத்தில் எல்லாம் அவன் கெட்டிக்காரன்.

அவன் ஓடிப்போன அன்று நைரி சட்டத்தைப் பிரித்துப் படத்தைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை அடுப்பில் போட்டாள். டெஸ் பாதியைத் திரும்பச் சட்டத்துக்குள் நடுவாக நகர்த்தி வைத்து, கோழிக்கூண்டுக்குள் ஆணியடித்து மாட்டினாள். கோழிகளுக்கும் பார்க்க ஏதாவது வேண்டாமா? தையேரிச் சமவெளியில் இருந்த அந்த வீட்டை விற்கும்வரை பதினோரு வருடம் அவன் அங்கே தொங்கினான். விற்றபோது கொட்டகையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் ஒட்டுமொத்தமாக ஏலத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதோடு ஒழிந்தான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"எப்படித் தெரியும் அது ஆங்கஸ்னு?" என்றாள் நைரி. குரல் அவள் நினைத்த அளவுக்கு ஏளனமாக வரவில்லை.

"காது!" என்று மேசையைத் தட்டினாள் கோரலி. "காதப் பாரு! அப்புறம் ஷோனா காதப் பாரு. அச்சு. ஷோனா, முடிய ஒதுக்கு."

ஷோனா சிரித்துக்கொண்டே முடியை ஒதுக்கினாள். நாற்பத்து நாலு வயதாகிறது, கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை, கன்றுக்குட்டிக்கு ஊசி போடும்போது முடியைத் தூக்கிக் கட்டித்தான் ஆகவேண்டும். மற்றபடி யாருக்கும் காதைக் காட்ட மாட்டாள். மர்டோ படத்தைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். "அட ஆமா," என்றான், முதல் தடவையாக வாயைத் திறந்து.

ஆமாம்தான். அப்பன் காது மகளுக்கு வராமல் அடுத்த வீட்டுக்காரனுக்கா வரும்? கோரலி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள், அதுவும் என்னவென்று தெரியாமலே. நைரிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்திருப்பாள், ஷோனா அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"பாரும்மா," என்றாள் ஷோனா. "சின்ன வயசுலேருந்து 'அப்பன் காது, அப்பன் காது'ன்னு திட்டுவியே. நம்ம பக்கத்துக் காதுதான் போல. நல்ல மனுஷன்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

டெஸ்ஸைப் பற்றி நைரியிடம் ஒரே ஒரு வசனம்தான் உண்டு. முப்பத்தைந்து வருடமாக அதை மாற்றியதில்லை. "முதல் நாளே தெரியும் அவன் யோக்கியதை. ஷோனா வயித்துல வந்துட்டா, கட்டிக்கிட்டேன். ஒரு நாள்கூட அவன நம்பினதில்ல." கடைத்தெருவில் சொல்லியிருக்கிறாள், கோயிலில் சொல்லியிருக்கிறாள், ஷோனாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஏமாந்தவள் என்று ஊர் பரிதாபப்படுவதைவிட, தெரிந்தே கிணற்றில் விழுந்தவள் என்று பேர் வாங்குவது மேல். ஷோனா அப்பாவின் சாவுக்குக் குவீன்ஸ்லாந்து போய்விட்டு வந்த அன்று, "ஒரே ஒரு நல்ல விஷயமாவது சொல்லேம்மா அவரப் பத்தி," என்று கேட்டாள். அன்றைக்கும் நைரி அதே வசனத்தைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு ஷோனா கேட்கவில்லை.

இந்தப் படம் என்னவென்று வாயைத் திறந்தால் வசனம் போச்சு. திறக்காவிட்டால் அந்த ஓடுகாலி மதீசன் வம்சத்துக்கே மூத்தவனாக அருங்காட்சியகச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

"ஈஸ்டருக்கு மழை வரும்," என்றாள் நைரி.

"அந்தப் பக்கம் மழையே கெடையாது."

"ரோட்டுல பனி உறைஞ்சு கெடக்கும். பேசாம கடற்கரைக்குப் போவோம். பெங்குவின் பாப்போம். நிம்மதியா."

"பெங்குவின் நமக்குச் சொந்தமா?" என்றாள் கோரலி. "எட்கர்கிட்ட பேசிட்டேன். குடும்பத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டா அன்னைக்கே 'ஆங்கஸ் மதீசன்'னு பித்தளைப் பலகை அடிச்சிடலாம்னாரு. டீக்குப் போறதுக்கு முன்னாடி திறப்பு விழா. மர்டோ ரெண்டு வார்த்தை பேசுவான்."

"மர்டோவா? அவன் கல்யாணத்துலயே 'சரி'ங்கிற ஒரு வார்த்தைதான் பேசினான். அதுக்கே இன்னும் அனுபவிக்கிறான்."

"எழுதிக் குடுத்துட்டேன். இன்னொண்ணு. படத்தத் துணில அச்சடிக்கப் போறோம். பாத்திரம் தொடைக்கிற துண்டு. எல்லார் வீட்டுக்கும் ஒண்ணு, கடையில விக்கக் கொஞ்சம். இந்தக் கறை எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். காலம் போட்ட கையெழுத்துல்ல அது?"

காலம் அல்ல, கோழி. நைரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஷோனா படத்தைத் தன் பக்கம் இழுத்து, காதை விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கைய கவனிச்சீங்களா?" என்றாள் மெதுவாக. "தோள்ல சும்மா வெக்கல. சட்டைய அப்படியே கொத்தா புடிச்சிருக்கா பாருங்க. எங்க விட்டா ஓடிடுவானோங்கிற மாதிரி. இல்ல, தான் பறந்துடுவோமோங்கிற மாதிரி. யாருன்னு தெரியல. அவ அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்திருக்கா."

மேசைக்கு அடியில் நைரியின் வலது கை முட்டியை இறுக்கியது.

"அந்தக் கைதான் ஒரே இடைஞ்சல்," என்றாள் கோரலி. "ஆங்கஸ் பொண்டாட்டி அப்ப ஸ்காட்லாந்துல இருந்தா. ஆக இது அவ இல்ல. வெரல்ல மோதிரமும் கெடையாது. நல்ல குடும்பத்துப் பொண்ணு கல்யாணம் ஆகாம ஒரு ஆம்பள சட்டைய இப்படிப் புடிச்சுக்கிட்டு நிப்பாளா? எவளோ சாராயக்கடைக்காரி. சுண்டு வெரல் வேற கோணலா இருக்கு பாரு, ஏதோ சீக்கு. நான் எட்கர்கிட்ட சொல்லிட்டேன், கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்னு. தோள் மட்டும் சுத்தமா இருக்கும். யாருக்கும் தெரியாது."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. மர்டோ இன்னொரு சீஸ் ரோலை எடுக்கக் கையை நீட்டினான்.

"அந்தக் கைய தொட்டே, கொன்னுடுவேன்," என்றாள் நைரி.

மர்டோவின் கை தட்டின் மேலேயே நின்றது.

"உன்ன இல்லடா. உன் பொண்டாட்டிய." நைரி மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். பதினேழு வயதில் நெட்பால் ஆடும்போது முறிந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்ட சுண்டு விரல். அந்த விரலைத் தூக்கிக்கொண்டு அவள் டீ குடிப்பதைப் பெரிய இடத்து மிடுக்கு என்று கோரலி நாற்பது வருடமாக மர்டோவிடம் குத்திக்காட்டி வந்திருக்கிறாள்.

கோரலி கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "ஒரே மாதிரிதான் இருக்கு," என்றாள். "அப்ப இதுவும் குடும்பத்துல வர்றதா?"

"கடவுளே! வெரல் முறியறது வம்சத்துல வருமாடி? அது என் கை. சாராயக்கடைக்காரி நான்தான். உன் கொள்ளுத் தாத்தாவோட அப்பா, டெஸ்."

"எந்த டெஸ்?"

"எத்தன டெஸ்ஸ எனக்குக் கட்டி வெச்சீங்க?"

கோரலி சுதாரித்துக்கொண்டு, வயதானவர்களிடம் பேசும் குரலில் ஆரம்பித்தாள். "நைரி, இது நூத்தி அறுவது வருஷத்துப் படம். நிபுணர்ங்க பாத்திருக்காங்க. எட்கர் முப்பது வருஷம் ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. உனக்கு அசதியா இருந்தா கொஞ்சம் சாஞ்சுக்கோ."

"போன் போடு."

"என்னது?"

"உன் நிபுணருக்குப் போன் போடு. சத்தமா வை, எல்லாரும் கேக்கட்டும்."

கோரலி போட மாட்டாள் என்றுதான் தோன்றியது. ஷோனா கையை நீட்டி அத்தையின் போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தினாள். எட்கர் அருங்காட்சியகத்தில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குப் போக வேறு இடமில்லை.

"சார், நான் நைரி, கோரலியோட நாத்தனார். அந்தத் தாடிக்காரன் படம் சட்டத்துலதான இருக்கு? கொஞ்சம் கழட்டி, முன்னாடி இருக்கிற முட்டை அட்டையத் தூக்கி, காலப் பாருங்க."

"அம்மா, ரொம்பப் பழசு, கை பட்டா..."

"கோழி பட்டே ஒண்ணும் ஆகல. நீங்க தைரியமா தூக்குங்க."

நாற்காலி நகரும் சத்தம். ஆணி பிடுங்கும் சத்தம். எட்கர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"என்ன சார் தெரியுது?"

"அது... காலணி மாதிரி ஏதோ. விரல் எல்லாம் தெரியுது. அந்தக் காலத்துல சில பேரு தோல்ல..."

"ரப்பர் செருப்பு சார். இடது கால்ல வார் பிஞ்சிருக்கும். அடில ஒரு பிளாஸ்டிக் கிளிப் மாட்டியிருப்பான், பிரெட் பையைக் கட்டி வருமே, அது. ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்கும் பாருங்க."

ரொம்ப நேரம் கழித்து எட்கர் சொன்னார்: "நிக்குதும்மா." இன்னும் கொஞ்சம் கழித்து, "இத ஆயிரம் பேருக்கு மேல வெளக்கியிருக்கேன்," என்றார். நைரிக்கு அந்த மனிதர் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. பிறகு கோரலியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

கோரலி பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தாள். மர்டோ சிரிப்பை அடக்க முயன்று, சீஸ் ரோல் தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வர இருமினான். "செருப்பு," என்றான் இருமலுக்கு நடுவே. "பிரெட் கிளிப்! நான்தான்க்கா அவனுக்கு அத மாட்டிக் குடுத்தேன்!"

நைரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பியவள் நிறுத்திக்கொண்டாள். ஷோனா சிரிக்கவில்லை. படத்தில் இருந்த கையையும் மேசையில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே தெரியும்னு சொன்னே," என்றாள்.

"அவன் யோக்கியன் இல்ல. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அவரப் பத்திக் கேக்கல. ஒரு நாள்கூட நம்பினதில்ல, எனக்காகத்தான் கட்டிக்கிட்டேன்னு சொன்னே. என்னால உன் வாழ்க்க போச்சுன்னு நெனச்சுக்கிட்டே வளந்தேன்மா நான். இது எப்ப எடுத்த படம்?"

"கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"இந்தக் கை சட்டைய எப்படிப் புடிச்சிருக்கு பாரு. இது நம்பாதவ கையா?"

நைரி தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோரலி மேசை துடைப்பதை நிறுத்திவிட்டாள். இது அவள் வீடு, வெளியே போகச் சொல்லவும் முடியாது.

"வெட்டினது நீதானே?"

"நான்தான். என் பாதிய அடுப்புல போட்டேன்."

"அவர எரிக்காம ஏன் உன் பாதிய எரிச்சே?"

இதை யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்க யாருக்கும் தெரியாது. கோபத்தில் கைக்கு வந்ததைப் போட்டேன் என்று சொல்லிவிடலாம். நைரி வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வரவில்லை.

"அவன் மூஞ்சி எப்பவும் இருக்கிற மூஞ்சிதான்," என்றாள். "அதப் பாத்து எனக்கு என்ன? பல்ல இளிச்சுக்கிட்டு நின்னது நான். ஈறு தெரிய. கடைக்காரன் 'பழைய காலத்துல யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா, மூஞ்சிய இறுக்கமா வெய்யுங்க'ன்னு பத்து தடவ சொன்னான். முடியல. முட்டாள் சிறுக்கி. அவளத்தான் எனக்குப் பாக்க சகிக்கல."

"எதுக்கு அவ்வளவு சிரிப்பு?"

"அன்னைக்குக் காலைலதான் ஓடைக்கரைல அவன்கிட்ட சொன்னேன், நீ வரப்போறேன்னு. அவன் போட்ட கத்துல ஓடைல இருந்த வாத்தெல்லாம் எழும்பிப் பறந்துச்சு. தெருவுல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொன்னான். மானத்த வாங்கினான். அப்புறம் 'நாம மூணு பேரும் படம் புடிச்சுக்கணும்'னு கொட்டகைக்கு இழுத்துட்டுப் போனான்."

அந்த எண்ணிக்கை ஷோனாவுக்குள் போய்ச் சேர நேரம் பிடித்தது.

"மூணு பேரா? அப்ப நானும் இதுல இருந்தேனா?"

"இருந்தே," என்றாள் நைரி. "எரிச்ச பாதில."

ஷோனா படத்தைக் கையில் எடுத்தாள். கட்டை விரலால் தாடியையும் தொப்பியையும் மறைத்தாள்; காதை மறைக்கவில்லை. ஒரு காதும், தோளும், தோளைப் பற்றிய கையும் மட்டும் மிஞ்சின. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"அப்ப ரோவன்ஸ் கல்லி?" என்றாள் கோரலி கடைசியில், ஏறக்குறைய அழுகிற குரலில். "ரத்து பண்ணிடலாமா? கறி பைக்கு எல்லாம் சொல்லி வெச்சுட்டேன்."

"போறோம் அத்தை," என்றாள் ஷோனா. "படத்த எட்கர்கிட்டேருந்து வாங்கிட்டு வரணும். அது எங்க வீட்டுது." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அந்த மாதிரி உடுப்பு போட்டுப் படம் புடிக்கிற கடை இன்னும் இருக்கா அங்க?"

"இருக்கும். முட்டாளுங்களுக்கு எந்தக் காலத்துல பஞ்சம்?" என்றாள் நைரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெண்ணெய் போதாத சீஸ் ரோல் ஒன்றைக் கோணல் விரலோடு எடுத்தாள். "ஆறரைக்கெல்லாம் என்னால முடியாது கோரலி. ஏழு. ரேன்ஃபர்லில எனக்கு வந்தாத்தான் போவேன். அப்புறம் நான் ரப்பர் செருப்புதான் போட்டுக்கிட்டு வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"ஏப்ரல் மாசத்துலயா? பனில கால் விறைச்சுப் போயிடும்."

"விறைக்கட்டும்," என்றாள் நைரி.